கூரைக்குப் பரப்பு எத்தனை?

வீட்டின் உறுப்புகளுள் தரையில் நின்றவாறே அளக்க இயலாதது கூரை ஒன்றே. சுவரையும் தளத்தையும் கதவையும் அளவு நாடா கொண்டு எவரும் அளந்துவிடலாம். கூரைக்கோ ஏணி வேண்டும். ஏறுவதற்குத் துணிவும், ஏறியவரைத் தாங்கும் வலிமை அக்கூரைக்கு உண்டு என்னும் உறுதியும் வேண்டும். ஆகவே மதிப்பீடு எழுதுவோர் பலர் தரையின் அளவை எடுத்து, அதனோடு அனுபவத்தால் தோன்றிய ஏதோ ஒரு பங்கைக் கூட்டிக் கூரையின் அளவாக எழுதி வருவது நெடுங்கால வழக்கம். இவ்வழக்கத்திற்கு மாற்றாகக் கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. வானிலிருந்து எடுத்த படத்தின்மேல் கூரையின் விளிம்பைச் சுற்றி விரலால் கோடு இழுத்தால் பரப்பு இவ்வளவு, தகடு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று அவை நொடியில் விடை கூறுகின்றன.

இக்கருவிகளை வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் இவற்றை அரசுப் பணிகளிலும் ஊராட்சிப் பணிகளிலும் புகுத்துமுன் ஒரு கேள்விக்கு விடை காண்பது இன்றியமையாதது. கூரையின் பரப்பு என்று மென்பொருள் கூறும் எண் எந்தப் பரப்பு? ஒரு கூரைக்குப் பரப்பு ஒன்றே என்று எண்ணுவதில்தான் பிழைகளுள் பெரும்பாலன தோன்றுகின்றன.

நிலத்தை அளக்கும் கலைக்கும் கூரையை அளக்கும் கலைக்கும் இடையே உள்ள ஒரு முரண்பாட்டை முதலில் நினைவுகூர்தல் நலம். 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை முதல் சிற்றூர்க் கணக்கர் வரை, நிலம் அளப்போர் அனைவரும் கிடைமட்டத் தூரத்தையே தூரமாகக் கொள்வர். மேட்டின்மீது சங்கிலி சாய்ந்து கிடந்தால் அச்சாய்வை நீக்கிக் கிடைத்தூரமாகக் குறைத்து எழுதுவதே அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். கூரையை அளப்பவர் செய்ய வேண்டுவதோ இதற்கு நேர்மாறானது. கிடைத்தூரத்தைச் சாய்தூரமாகப் பெருக்கினால்தான் தகட்டின் நீளம் கிடைக்கும். வானிலிருந்து செங்குத்தாக எடுத்த படம் நில அளவையாளரின் கண்ணையே உடையது. சாய்வு அதன் பார்வைக்குப் புலப்படுவதில்லை.

சிற்றூர்க் குடியிருப்புப் பகுதிகளை டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியால் படமெடுத்து உடைமையாளருக்குச் சொத்து அட்டை வழங்கும் சுவாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் நோக்கம் எல்லை. எல்லைக்குக் கிடைப்பரப்பே போதும். அங்கேயும் படத்தில் வரைந்த கோட்டை நிலத்தில் சென்று சரிபார்த்தல் என்னும் படி ஒன்று வைக்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. வானிலிருந்து நோக்குவார்க்குத் தெரிவது இறவாணத்தின் விளிம்பேயன்றிச் சுவர் அன்று. எல்லைக்கென எடுத்த அப்படத்தையே கூரை வேலையின் மதிப்பீட்டிற்கும் கொள்ளும்போதுதான் இடர் விளைகிறது.

இவ்விடர் சமவெளியின் மொட்டைமாடி வீடுகளில் தோன்றாது. மழை மிகுந்த மலைநாடுகளில்தான் முழு உருவில் வெளிப்படும். வடகிழக்கு இந்தியாவில் அசாம் வகை வீடு என்று வழங்கும் கட்டடத்தைக் காண்க. 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கல்லாலும் செங்கல்லாலும் ஆகிய கட்டடங்கள் வீழ்ந்தபின் இவ்வகை வீடு பரவலாயிற்று. தாழ்ந்த அடிச்சுவர், அதன்மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கிடையே இகரா என்னும் நாணலை நிறைத்துப் பூசிய மெல்லிய சுவர், மேலே துத்தநாக முலாம் பூசிய நெளிதகட்டுக் கூரை ஆகியவை இதன் உறுப்புகள். நிலம் நடுங்கினால் இதன் எடைக்குறைவே இதனைக் காக்கும். மழை பெய்தால் செங்குத்தான சரிவும் நீண்ட இறவாணமும் காக்கும். நாணற்சுவரின் உயிர் இறவாணத்தில் இருக்கிறது என்று கூறினும் மிகையன்று.

இத்தகைய வீடு ஒன்றின் கூரை, வானத்துப் படத்தில் 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையதாகத் தோன்றுகிறது என்று கொள்க. நடுவே முகடு, இருபுறமும் சரிவு. சரிவு, கிடையாக இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்வு. படத்தின்படி பரப்பு 48 சதுர மீட்டர். ஒரு பக்கத்தின் கிடைத்தூரம் 3 மீட்டர், உயர்வு 1.5 மீட்டர், ஆகவே சரிவின் நீளம் 3.35 மீட்டர். இரு சரிவுகளின் உண்மைப் பரப்பு 53.7 சதுர மீட்டர். படத்தைவிட இது ஏறக்குறைய 12 விழுக்காடு மிகுதி. சரிவு ஐந்துக்கு ஒன்றாயின் இவ்வேறுபாடு 2 விழுக்காடே. மூன்றுக்கு ஒன்றாயின் 5 விழுக்காட்டைச் சற்றே கடக்கும். ஒன்றுக்கு ஒன்றாகச் செங்குத்தாயின் 41 விழுக்காட்டையும் கடந்துவிடும்.

பன்னிரண்டு விழுக்காடு என்பது தாளில் சிறிய எண். வீட்டில் அது எவ்வாறு விளங்கும் என்பதையும் காணல் வேண்டும். மெட்ரிக் அளவை நாட்டில் நிலைபெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நெளிதகட்டைக் கடையில் அடிக்கணக்கில் கேட்பதே பெருவழக்கு. படத்தைப் பார்த்துச் சரிவின் நீளம் 3 மீட்டர் என்று நம்பியவர் பத்தடித் தகட்டை, அதாவது 3.05 மீட்டர்த் தகட்டை வாங்குவார். முகட்டிலிருந்து அதனை விரித்தால் இறவாணத்தை எட்டுமுன் 30 சென்டிமீட்டர் குறைந்து நிற்கும். சுவருக்கு வெளியே கிடைமட்டமாக 45 சென்டிமீட்டர் நீண்டிருந்த இறவாணம் 18 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அக்குறையை மதிப்பீட்டுத் தாளில் எவரும் காணார். அடுத்த மழைக்காலத்தில் நாணற்சுவரின் அடி நனைந்து உளுக்கும்போது வீட்டுக்காரர் காண்பார். அப்போதும் தகடு கெட்டது, தச்சர் கெடுத்தார் என்றே பேச்சு எழுமன்றி, அளவு கெட்டது என்று எவரும் கூறார்.

சரிவைச் சரியாகக் கணித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமோ எனின், அதுவும் இல்லை. உண்மைப் பரப்பாகிய 53.7 சதுர மீட்டரைத் தகட்டின் பரப்பால் வகுத்துத் தகட்டின் எண்ணிக்கையைக் கூறும் மென்பொருள்கள் உள்ளன. மேற்கூறிய வீட்டிற்குப் பன்னிரண்டடி, அதாவது 3.66 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உடைய தகடு வாங்குவதாகக் கொண்டால், வகுத்தல் கணக்கு 19 தகடு என்று கூறும். கழிவுக்குப் பத்து விழுக்காடு கூட்டினாலும் 21. ஆனால் தகடுகள் ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்று படிய வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, பக்கவாட்டில் இரண்டு நெளிவுகளேனும் படிய வேண்டும் என்கிறது. நெளிவுக்கு நெளிவு இடைவெளி 75 மில்லிமீட்டர் ஆயின் இது 15 சென்டிமீட்டர். எனவே முதல் தகட்டிற்குப் பின் வரும் ஒவ்வொரு தகடும் புதிதாக மூடுவது 65 சென்டிமீட்டரே. பன்னிரண்டு தகடுகள் 7.95 மீட்டரை மூடும். எட்டு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைவு. ஆகவே பக்கத்திற்கு 13, மொத்தம் 26 தகடு வேண்டும். பத்தொன்பது எங்கே, இருபத்தாறு எங்கே!

இவ்வேறுபாட்டின் காரணம் ஆராயத்தக்கது. கூரை அளவை மென்பொருள்கள் மிகுதியாக வளர்ந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கு வீட்டுக் கூரைகளைப் பெரும்பாலும் நிலக்கீல் பூசிய சிறு துண்டுகளால் வேய்கின்றனர். நூறு சதுர அடி அவர்களுக்கு ஓர் அலகு. அவ்வலகிற்குப் பொதுவாக மூன்று கட்டுத் துண்டுகள். துண்டு சிறியதாகையால் பரப்பைக் கணித்துச் சிறிது கழிவைக் கூட்டினால் கணக்கு முடிந்துவிடும். துண்டுகளின் மேற்படிவையும் உட்கொண்டே அந்த மூன்று கட்டு என்னும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. இந்திய மலைநாட்டுக் கூரையை மூடுவது ஆளுயரத்தின் இரு மடங்கு நீளமுள்ள தகடு. அதனைப் பாதியாகக் கணக்கில் வைக்கலாம், கடையில் வாங்க இயலாது. சிறு துண்டிற்கு வகுத்த கணக்கைப் பெருந்தகட்டிற்குப் பொருத்துவது, நெல்லை மரக்காலால் அளப்பது போலப் பலாப்பழத்தையும் அளக்க முற்படுவதை ஒக்கும்.

இங்கே கைத்தொழிலாளரின் அறிவைப் பற்றி ஒரு சொல். மேற்கண்ட வீட்டிற்கு 26 தகடு என்பதும் முடிந்த முடிபன்று. அனுபவமுள்ள தச்சர் ஐந்து சென்டிமீட்டருக்காக இரண்டு தகடுகளை வாங்கச் சொல்லமாட்டார். முக்கோணச் சுவருக்கு வெளியே நீளும் கூரையின் ஓரத்தை இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் குறைத்து 24 தகட்டிலேயே வேலையை முடித்துவிடுவார். இறவாணத்தில் முப்பது சென்டிமீட்டர் குறைவது கேடு; பக்க ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் குறைவது கேடன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது அளவையின் வேலையன்று, தொழிலின் வேலை. மலைப்பாதையில் பன்னிரண்டடித் தகட்டைச் சுமந்து செல்ல இயலாத ஊர்களுக்கு அவர் ஆறடித் தகடுகளை இரு வரிசையாகப் போடுவார். இரண்டுக்கு ஒன்று என்னும் சரிவிற்கு நீளவாக்கில் 15 சென்டிமீட்டர் மேற்படிவு போதும் என்பதே விவரக்குறிப்பு. இரண்டு ஆறடித் தகடுகள் சேர்ந்து 3.51 மீட்டரை மூடும், வேண்டுவது 3.35 மீட்டரே. சரிவு அதனினும் தாழ்ந்ததாயின் 20 சென்டிமீட்டர் படிய வேண்டும். இத்தகைய மாற்று வழிகளை இசைவோடு ஏற்று மறுகணக்கிடும் மென்பொருளே தச்சருக்குத் துணையாகும். ஒரே எண்ணைக் கூறி வாயை மூடிக்கொள்ளும் மென்பொருள் அவருக்கு மேலதிகாரியாகிவிடுகிறது.

இக்காலத்தில் வண்ணப் பூச்சுத் தகடுகளை வேண்டிய நீளத்திற்கே ஆலையில் வெட்டித் தருகிறார்களே, இக்கணக்குகள் இனி எதற்கு என்று சிலர் வினவுதல் கூடும். வெட்டித் தருவது உண்மையே. ஆனால் அதனால் பிழையின் விலை உயர்ந்திருக்கிறதேயன்றிக் குறையவில்லை. கடைத் தகட்டில் வெட்டி எறியச் சிறிது மிச்சமேனும் இருந்தது. அளவு சொல்லி வெட்டிய தகட்டில் மிச்சம் இல்லை. குறைந்து வந்தால் ஆலைக்குத் திருப்பவும் வழியில்லை. சரிவின் நீளத்தை மூன்று பதின்மத் தானம் வரை காட்டும் மென்பொருள், சரிவின் கோணத்தைத் தானே ஊகித்துக்கொண்டு அந்நீளத்தைக் கணித்திருந்தால், அத்தானங்களால் என்ன பயன்?

கூலி வழங்கும் இடத்தில் மற்றொரு பரப்பு வந்து சேர்கிறது. கட்டட வேலைகளை அளக்கும் முறையைக் கூறும் இந்தியத் தரம் ஐ.எஸ். 1200. அதன் ஒன்பதாம் பகுதி கூரை மூடுதலுக்கு உரியது. தகடு வேய்ந்த பரப்பை, மேற்படிவையும் நெளிவின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்காமல், தட்டையாக அளந்து எழுத வேண்டும் என்பதே அதன் நெறி. பொதுப்பணித் துறையின் முறையும் அதுவே; 0.4 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவும் இல்லை. மேற்படிவிற்கான செலவு சதுர மீட்டர் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். எனவே மேற்கூறிய வீட்டிற்கு அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டுவது 53.7 சதுர மீட்டர். வாங்க வேண்டுவதோ 24 தகடு, அதாவது 70 சதுர மீட்டருக்கும் சற்று மேற்பட்ட தகடு. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத ஊழியர், வாங்கிய தகட்டின் பரப்பை அளவுப் புத்தகத்தில் எழுதினால் அரசுக்கு இழப்பு. அளவுப் புத்தகத்தின் எண்ணைக் கொடுத்து ஏழைக் குடும்பத்தைத் தகடு வாங்க அனுப்பினால் அக்குடும்பத்திற்கு இழப்பு. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் மலைப்பகுதி வீடு ஒன்றிற்கு வகுத்த உதவித்தொகை 1,30,000 ரூபாய். அத்தொகையில் கட்டும் வீட்டிற்குக் கூரை கடைசியாக வருவது. கையிலுள்ள பணம் தீரும் தறுவாயில் ஐந்து தகடு குறைகிறது என்றால், அதற்காக மீண்டும் ஒரு வண்டிச் சத்தமும் மீண்டும் ஒருநாள் கூலியும் தேட வேண்டும்; தேடும்வரை வீடு பாதி திறந்து கிடக்கும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடலாம். தகட்டை எண்ணும் மென்பொருள்கள் கொக்கியை எண்ணுவதில்லை, அல்லது தகட்டு விலையில் ஒரு சிறு பங்காக ஊகித்துவிடுகின்றன. பர்லின் எனப்படும் குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றிலும் தகடு ஒன்றிற்கு மூன்று கொக்கிகளேனும் வேண்டும், அவற்றினிடையே 30 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விவரக்குறிப்பு. 2019 மே 3 அன்று பூரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபானி போன்ற புயல்களில் கூரைத் தகடு பறப்பது, பெரும்பாலும் தகட்டின் மெலிவால் அன்று. அதனைப் பிணித்த கொக்கியின் போதாமையால். மதிப்பீட்டில் இடம்பெறாத பொருள் வேலையிலும் இடம்பெறாது.

கூரையை வேய்ந்து முடித்தபின்னும் அதன் பரப்பைக் கேட்போர் உளர். மழைநீரைச் சேமிப்பவர் கேட்பது படத்தில் தெரியும் 48 சதுர மீட்டரையே. மழையைச் செங்குத்தாக விழுவதாகக் கொண்டே கணிப்பதால், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு அக்கூரை 48 லிட்டர் நீரைப் பெறும். சரிவு எவ்வளவாயினும் இது மாறாது. சூரிய மின்தகடு பொருத்துவோர் கேட்பது மற்றொன்று. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்பின் கூரைப் பரப்பைக் காட்டும் மென்பொருள்கள் பெருகியுள்ளன. ஒரு கிலோவாட்டிற்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 53.7 என்னும் எண்ணைக் கண்டு ஐந்து கிலோவாட் என்று முடிவு செய்தால் தவறு. முகடு கிழக்கு மேற்காக ஓடினால் தெற்கு நோக்கிய சரிவாகிய 27 சதுர மீட்டரே முழுப்பயன் தருவது. அதிலும் பாக்கு மரத்தின் நிழல் விழும் பகுதியைக் கழிக்க வேண்டும். வடக்கு நோக்கிய சரிவின் விளைச்சல் குறைவே. இவ்வாறு ஒரே கூரை ஒருவருக்கு 48, ஒருவருக்கு 54, ஒருவருக்கு 27, கடைக்காரருக்கு 70 என விளங்குகிறது.

மென்பொருள் செய்வோரின் தரப்பையும் கூறாதிருத்தல் முறையன்று. ஒன்றன்மேலொன்று படியும் பல படங்களிலிருந்து உயரத்தைக் கணித்துச் சரிவையும் கூறும் முறைகள் இன்று உள்ளன. டிரோன் படங்கள் அதற்கு ஏற்றவை. நல்ல படம் கிடைத்து, மரக்கிளை மறைக்காதிருந்தால் அவை தரும் சரிவை நம்பலாம். ஏணியில் ஏறி விழும் ஆபத்தை நீக்குவது ஒன்றே இக்கருவிகளை வரவேற்கப் போதிய காரணம். ஆனால் சிற்றூர் ஊழியர் கையிலுள்ள இலவச மென்பொருள்களுட் பல அத்தகையன அல்ல. மேலிருந்து கண்ட ஒற்றைப் படத்தில் கோடு இழுப்பனவே. அவற்றுள் சில, சரிவு இன்னது என்று கேளாமலேயே ஓர் எண்ணைத் தாமே வைத்துக்கொள்கின்றன. இதுவே முற்றிலும் விலக்கத்தக்க குணம். சரிவு அறியப்படாவிடின் விடையும் கூறப்படலாகாது.

அரசுத் துறை ஒன்று கூரை அளவைக்கு மென்பொருளை ஏற்குமானால், எந்தப் பயனுக்குப் பரப்பு வேண்டும் என்பதை அது முதலில் கேட்க வேண்டும். சரிவை நிலத்தில் அளந்து இடச் செய்ய வேண்டும். தகட்டை வரிசை வரிசையாக எண்ண வேண்டும்; பரப்பால் வகுத்து எண்ணுதல் கூடாது. இவற்றைக் காட்டிலும் முதன்மையானது, அது தன் வழிக்கணக்கைத் தாளில் காட்டுதல். பழைய அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், எண்ணிக்கை, பரப்பு என ஒவ்வொன்றிற்கும் ஒரு கட்டம் உண்டு. மேற்பார்வையாளர் எந்தக் கட்டத்திலும் கைவைத்து இது எவ்வாறு வந்தது என்று கேட்கலாம். விடையை மட்டும் அச்சிடும் மென்பொருளிடம் அக்கேள்விக்கு இடமில்லை. வலைத்தொடர்பு இல்லாத ஊரிலும் இயங்குதலும், அசாமியிலோ காசியிலோ தமிழிலோ அவ்வவ்வூர் மொழியில் பேசுதலும் அடுத்தபடியாக வேண்டுவன. இவை எட்டாத கோரிக்கைகள் அல்ல. சாதாரண விரிதாள் ஒன்றிலேயே இவற்றுட் பெரும்பாலனவற்றைச் செய்துவிடலாம்.

சரிவை அளப்பதற்கும் ஏணி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோலை, முக்கோணச் சுவரின் பக்கத்தில் கைமரத்தைத் தொட்டவாறு ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து கைமரத்தின் அடிவிளிம்பு வரை உள்ள செங்குத்து உயரத்தை அளந்தால் போதும். கைக்கு எட்டாத உயரமாயின் எதிரே சற்றுத் தொலைவில் நின்று, கைப்பேசியின் சாய்வு காட்டியைக் கூரையின் கோட்டோடு ஒட்டிப் பிடித்துக் கோணத்தைப் படிக்கலாம். சுவருக்கு நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்றால் கோணம் பொய்க்கும்.

இப்பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கலாம். ஓட்டுக் கூரையோ தகட்டுக் கூரையோ உள்ள பள்ளிகள் நாட்டில் இன்னும் பல. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கரும்பலகையில் கணிக்கும் மாணவர், அக்கர்ணம் தம் தலைக்கு மேலேயே இருப்பதை அறிவதில்லை. ஒரு குழுவினர் வானத்துப் படத்தில் கோடு இழுத்துப் பரப்பைக் காணட்டும். மற்றொரு குழுவினர் கோலும் தூக்குக்குண்டும் கொண்டு சரிவை அளந்து காணட்டும். மூன்றாவது குழுவினர் ஓடுகளையோ தகடுகளையோ வரிசையாக எண்ணட்டும். மூன்று விடைகளையும் பலகையில் எழுதி, பள்ளிக் கூரையை மாற்ற நேர்ந்தால் கடைக்கு எதைக் கொண்டு செல்வது, மழைநீர்த் தொட்டி கட்ட எதைக் கொள்வது என்று ஆசிரியர் கேட்கலாம். எண்ணியவர்களிடம் இறவாணத்தின் விளிம்பில் பாதி ஓடு எத்தனை என்று கேட்கவும் மறத்தலாகாது.